சிறந்த லசானியா எங்கே உள்ளது?

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

ஒரு நகரத்தில் ஓர் உணவு எங்கே சிறப்பாகக் கிடைக்கும் என்று கேட்டால், பெரும்பாலோர் ஓர் உணவகத்தின் பெயரைச் சொல்வர். வீட்டைச் சுட்டுவோர் சிலரே. இத்தாலி நாட்டின் பொலோனியா நகரத்தையும் அதன் புகழ்பெற்ற உணவாகிய லசானியாவையும் முன்வைத்து இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது. கட்டுரையின் கருத்தை ஏற்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதைச் செய்தாலும் காரணம் கூறுதல் வேண்டும்.

வினாவில் உள்ள குறை

அன்பு மாணவர்களே! லசானியா என்னும் பெயர் உங்களுக்குப் புதிதன்று. நீங்கள் வாழும் பெருநகரங்களின் வணிக வளாகங்களில், பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் அடுத்த வரிசையில் அப்பெயரைக் கண்டிருப்பீர்கள். கோதுமை மாவைத் தகடுபோல் மெல்லியதாகத் தேய்த்து, துண்டுகளாக வெட்டி, வேகவைத்து, இடையிடையே குழம்பும் பாலாடைக்கட்டியும் பரப்பி அடுக்கி, ஓவனில் சுட்டெடுக்கும் உணவே லசானியா. ஒரு தகட்டை லசாஞ்ஞா என்றும், பல தகடுகளை லசாஞ்ஞே என்றும் இத்தாலியர் வழங்குவர். வட இத்தாலியில் இவ்வுணவின் பெயரே பன்மையில்தான் வழங்குகிறது. ஒரு தகட்டால் இவ்வுணவு அமையாது என்பதை அதன் இலக்கணமே சொல்லிவிடுகிறது.

ஒரு நகரத்தின் சிறந்த லசானியா எங்கே கிடைக்கும் என்னும் வினாவுக்கு விடையாகப் பட்டியல்கள் பல வெளிவருகின்றன. முதல் பத்து உணவகங்கள், நட்சத்திரக் குறிகள், வண்ணப் படங்கள், விலை எனப் பலவும் அவற்றில் இருக்கும். ஆனால், ஒரு வீட்டின் முகவரியைக்கூட நாம் அங்குக் காண இயலாது. காரணம் எளியது. உணவகத்தின் கதவு பணம் தருவோர் அனைவருக்கும் திறக்கும். வீட்டின் கதவு விருந்தினருக்கு மட்டுமே திறக்கும். மதிப்பிடுவோர் நுழைய முடிந்த இடங்களே மதிப்பிடப்படுகின்றன. ஆகவே, ‘நகரத்தின் சிறந்தது’ என்னும் பட்டம் ‘நகரத்தில் விற்கப்படுவனவற்றுள் சிறந்தது’ என்னும் பொருளையே தரும். வீடுகளில் வெந்தவற்றை யாரும் அந்தத் தராசில் ஏற்றவே இல்லை.

ஒரு நகரத்தின் சிறந்த லசானியா அந்நகரத்து வீடுகளில்தான் உள்ளது என்பது என் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, காலம். இரண்டாவது, அளவுகோல் பிறந்த இடம். மூன்றாவது, இடம் மாறினாலும் பிழைத்திருக்கும் ஆற்றல்.

காலம் என்னும் பொருள்

பொலோனியா, இத்தாலியின் வடபகுதியில் உள்ள எமிலியா ரொமாஞ்ஞா மாநிலத்தின் தலைநகரம். அதற்கு மூன்று பட்டப்பெயர்கள் உண்டு. 1088இல் தோன்றியதாகக் கருதப்படும் பல்கலைக்கழகம் அங்கிருப்பதால் ‘கற்றறிந்த நகரம்’ எனப்படும். செங்கற் கட்டடங்களும் ஓடுகளும் தரும் நிறத்தால் ‘செந்நகரம்’ எனப்படும். உணவு வளத்தால் ‘கொழுத்த நகரம்’ எனப்படும். மூன்றாம் பெயருக்குச் சான்றாக நிற்பவற்றுள் ஒன்று அந்நகரத்தின் பச்சை லசானியா.

வேகவைத்துப் பிழிந்து அரைத்த பாலக் கீரையை மாவுடன் சேர்ப்பதால் தகடுகள் பச்சை நிறம் பெறுகின்றன. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது அங்குள்ளோரின் மனக்கணக்கு. கீரை சேரும்போது அதன் ஈரத்துக்கேற்ப அக்கணக்கைக் கை திருத்திக்கொள்ளும். பிசைந்த மாவை மூடிவைத்துச் சிறிது நேரம் ஓய்வுகொடுப்பர். பின்னர், நம் பூரிக்கட்டையைப் போன்று, ஆனால் அதைவிட மிக நீண்ட ‘மத்தரெல்லோ’ என்னும் கட்டையால் தேய்ப்பர். மாவு பலகை முழுவதும் துணிபோல் விரியும்வரை அப்பணி தொடரும். இதில் கைதேர்ந்த பெண்களை ‘ஸ்ஃபொலீனா’ என்று அந்நகரத்தார் மதிப்புடன் அழைக்கின்றனர்.

அடுத்து, ‘ரகூ’ என்னும் இறைச்சிக் குழம்பு. பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஆகியவற்றை மெல்லிய தீயில் வதக்கி, கொத்திய இறைச்சியைச் சேர்த்து, சிறிதளவு தக்காளியும் பாலும் ஊற்றி, குறைந்தது 2 மணி நேரம் கொதிக்கவிடுவர். வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சும் ‘பெஷமெல்’ என்னும் வெண்குழம்பு தனியே ஆயத்தமாகும். குறைந்தது 12 மாதங்கள் முதிரவைக்கப்பட்ட பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைத் துருவி வைப்பர். இவையனைத்தும் அடுக்கப்பட்டு ஓவனுக்குள் செல்லும். வெளியே எடுத்தவுடன் வெட்டினால் அடுக்குகள் சரிந்துவிடும். கால் மணி நேரமாவது ஆறவேண்டும்.

இங்கே காலமும் ஒரு சமையற்பொருளாக நிற்பதைக் காணலாம். உணவகத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கூலியாகவும் வாடகையாகவும் மாறி, விலைப்பட்டியலில் ஏறிவிடும். விலை ஏறினால் வாடிக்கையாளர் குறைவர். எனவே, பல உணவகங்கள் காய்ந்த தகடுகளை வாங்குகின்றன. முன்னரே சமைத்த லசானியாவைக் குளிரூட்டி வைத்து, கேட்டபோது சூடாக்கித் தருகின்றன. இது குற்றமன்று, தொழிலின் இயல்பு. வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும் ஓர் உணவுக்காக ஒதுக்கப்படுகிறது. அந்த முற்பகலுக்கு விலை குறிப்பார் இல்லை. அதனால்தான் குழம்பு தன் வேளை வரும்வரை அடுப்பில் இருக்க முடிகிறது.

அளவுகோல் பிறந்த இடம்

பொலோனியா நகரத்தார் தம் உணவுகளுக்கு எழுத்துவடிவில் அளவுகோல் வகுத்தவர்கள். தாலியத்தெல்லே என்னும் பட்டைப் பாஸ்தா வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும் என்று முடிவுசெய்து, பொன்னாற் செய்த ஒரு மாதிரியை 1972இல் நகரத்தின் வர்த்தக சபையில் வைத்தனர். அந்த அகலம், நகரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்றும் கணக்கிட்டனர். ரகூ குழம்பின் செய்முறையை இத்தாலியச் சமையற்கலைக் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று அதே சபையில் பதிவுசெய்தது. 2023இல் அச்செய்முறை புதுப்பிக்கப்பட்டது.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? அந்நகரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துவந்த முறையே பின்னர்ப் பதிவேடாயிற்று. வழக்கு முன்னது, விதி பின்னது. இலக்கியம் கண்டபின்னரே இலக்கணம் இயம்பப்படும் என்று நாம் மொழிப்பாடத்தில் கற்கிறோம் அல்லவா? சமையலுக்கும் அதுவே பொருந்தும். பதிவேட்டிலுள்ள செய்முறையும் நாற்பது ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது என்றால், உயிருள்ள சமையல் எத்துணை மாறக்கூடியது என்பது தெளிவு.

இக்கருத்துக்கு வலுச்சேர்ப்பவர் பெல்லெக்ரினோ அர்த்தூசி. அவர் சமையற்காரர் அல்லர், வணிகர். 1891இல் ‘சமையலறையில் அறிவியலும் நன்கு உண்ணும் கலையும்’ என்னும் பொருள்தரும் தலைப்பில் ஒரு நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 செய்முறைகள் இருந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் தம் வீட்டுச் செய்முறைகளைக் கடிதங்களில் எழுதி அனுப்பினர். பதிப்புகள் பெருகப் பெருக நூலும் வளர்ந்து, இறுதியில் 790 செய்முறைகளைக் கொண்டதாயிற்று. இத்தாலி ஒரே நாடாக இணைந்தது 1861இல்தான். அக்காலத்தில் மக்கள் தத்தம் வட்டார மொழியையே பேசினர். ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர் வழங்கிய நிலையில், அர்த்தூசியின் நூல் சமையலறைக்குப் பொதுவான சொற்களைத் தந்தது. வீட்டுச் சமையல் ஒரு நாட்டின் மொழியையும் வளர்த்தது எனலாம்.

2025 டிசம்பரில் புது தில்லியில் யுனெஸ்கோ அமைப்பின் குழு கூடியது. மனிதகுலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில், நம் தீபாவளியும் இத்தாலியச் சமையலும் அக்கூட்டத்தில் இடம்பெற்றன. தலைமுறைகள் ஒன்றுகூடிச் சமைத்து, பகிர்ந்துண்டு, அடுத்தவருக்குக் கற்பிக்கும் வழக்கம் அங்குப் போற்றப்பட்டது. அத்தகைய வழக்கத்தின் வேர் வீட்டில்தான் இருக்கிறது.

இடம் மாறினும் வாழும் உணவு

லசானியா ஒருபோதும் ஒரே வடிவில் நின்றதில்லை. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ‘லிபெர் தெ கொக்வினா’ என்னும் இலத்தீன் சமையல் நூலில் இவ்வுணவின் பழைய வடிவம் காணப்படுகிறது. வெந்த தகடுகளுக்கு இடையே துருவிய பாலாடைக்கட்டியும் மணப்பொருள்களும் தூவப்பட்டன. கூரிய மரக்குச்சியால் குத்தி உண்டனர். அதில் தக்காளி இல்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான்.

இன்றும் இத்தாலியில் ஊருக்கொரு லசானியா உண்டு. தெற்கே நேப்பிள்ஸ் நகரில், நோன்புக்காலத்துக்கு முன்வரும் கார்னிவல் விழாவில், ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் சிறு இறைச்சி உருண்டைகளும் அவித்த முட்டையும் வைத்து அடுக்குவர். மேற்கே ஜெனோவா நகரில் இறைச்சியே இல்லை. துளசியின் இனத்தைச் சேர்ந்த பாசில் இலையை அரைத்துச் செய்த பெஸ்தோ என்னும் பச்சைத் துவையலை, கைக்குட்டைபோல் மெல்லிய தகடுகளில் பூசி உண்பர். பொலோனியாவில் வளர்ந்த ஒருவர் நேப்பிள்ஸ் லசானியாவைக் கண்டு, ‘இது லசானியாவே அன்று’ என்று சொல்லக்கூடும். நேப்பிள்ஸ் பாட்டி ஒருவர் அதே சொல்லை அவருக்குத் திருப்பியும் சொல்லக்கூடும். இருவரும் தத்தம் வீட்டையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வறுமை மிகுந்த தென்பகுதியினர். புதிய மண்ணில் பழைய பொருள்கள் எல்லாம் கிடைக்கவில்லை. சில பொருள்கள் முன்பைவிட மலிவாகக் கிடைத்தன. ஊரில் திருநாளன்று மட்டும் கண்ட இறைச்சியை அங்கு அடிக்கடி வாங்க முடிந்தது. ரிக்கோத்தா கிடைக்காத ஊர்களில் வேறு பாலாடைக்கட்டியைப் பயன்படுத்தினர். இன்று அமெரிக்காவில் காணப்படும், தக்காளிக் குழம்பும் மொஸரெல்லாவும் நிறைந்த லசானியா இவ்வாறு உருப்பெற்றது. பொலோனியாவின் பதிவேட்டை வைத்து அளந்தால் அது பிழை எனப்படும். கடல் கடந்த தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு ஊரின் சுவையைக் கொடுக்க எடுத்த முயற்சி என்று பார்த்தால், அதைவிடச் சரியான லசானியா வேறில்லை.

உங்கள் வீட்டையும் இங்கே நினைத்துப் பாருங்கள். சின்ன வெங்காயம் எளிதில் கிடைக்காத ஊரில் பெரிய வெங்காயத்தால் சாம்பார் கொதிக்கிறது. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க மறுக்கும்போது, கம்பளியால் சுற்றி அடுப்பருகே வைக்கிறார்கள். சிலர் தம் சாப்பாட்டு டப்பாவை நண்பர்கள் முன் திறக்கத் தயங்குவதை வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன். அத்தயக்கம் தேவையற்றது. அந்த டப்பாவில் இருப்பது ஊரில் செய்வதன் தரம் குறைந்த நகல் அன்று. புதிய ஊரில் புதிய பொருள்களைக் கொண்டு, பழைய சுவையை மீட்டெடுத்த அறிவின் விளைவு அது.

மறுதரப்பின் நியாயம்

உணவகத்தின் சார்பில் சொல்லத்தக்கவையும் உள்ளன. முதலாவதாக, உணவகச் சமையற்காரர் ஒரே உணவை ஆயிரம் முறை செய்தவர். அவர் கையின் உறுதி எளிதில் வாய்ப்பதன்று. இரண்டாவதாக, பயணிக்கும் விடுதி மாணவருக்கும் தனித்து வாழும் முதியவருக்கும் உணவகமே வீடாகிறது. மூன்றாவதாக, எல்லா வீட்டுச் சமையலும் சிறந்ததாக இருப்பதில்லை. கருகிய லசானியாவும் வீட்டில்தான் உண்டு.

இவற்றை நான் மறுக்கவில்லை. இத்தாலியில் ‘த்ரத்தொரியா’ எனப்படும் சிறிய குடும்ப உணவகங்கள் பல, வீட்டின் முறையையே கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவை. புதிய நகரத்துக்குச் செல்பவர் அத்தகைய இடத்தைத் தேடுவது நன்று. அங்கும் சில அடையாளங்களைக் கவனிக்கலாம். தகடுகளை அங்கேயே தேய்க்கிறார்களா? வெட்டிய துண்டு குழம்பில் மிதக்காமல் நிமிர்ந்து நிற்கிறதா? ஒவ்வோர் அடுக்கும் தனித்துத் தெரிந்தும் வாயில் ஒன்றாகக் கரைகிறதா? ஓரங்கள் மொறுமொறுவென இருக்கின்றனவா? இக்கேள்விகளுக்கு ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தால் அது நல்ல உணவகம். ஆயினும், ‘நல்லது’ என்பதை எவ்வாறு அறிந்தோம்? யாரோ ஒருவர் வீட்டில் அவ்வாறு செய்ததால்தான் அந்த அடையாளங்களே உருவாயின.

புகழ்ச்சி மட்டும் போதாது

வீட்டுச் சமையலே சிறந்தது என்று சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். முன்னர், வீட்டில் காலத்துக்கு விலை குறிப்பார் இல்லை என்றேன். விலை குறிக்கப்படாததால் அந்தக் காலம் இலவசம் ஆகிவிடாது. யாரோ ஒருவர் தம் ஓய்வைக் கொடுத்து அதை ஈடுசெய்கிறார். இத்தாலியிலும் இந்தியாவிலும் அவர் பெரும்பாலும் தாயாகவோ பாட்டியாகவோ இருக்கிறார். அவரைப் பாராட்டிவிட்டு, அவரை மட்டும் அடுப்படியில் நிற்க விட்டு, மற்றவர்கள் கூடத்தில் அமர்ந்திருப்பது முறையன்று.

அர்த்தூசியின் நூலிலுள்ள செய்முறைகளைச் சோதித்துப் பார்க்க, அவர் வீட்டில் பணியாற்றிய மரியெத்தா சபாத்தினி என்னும் பெண்மணியும் பிரான்செஸ்கோ ருஃபில்லி என்னும் சமையற்காரரும் உதவினர். அர்த்தூசி தம் உயிலில் அந்நூலின் உரிமையை அவ்விருவருக்கும் எழுதிவைத்தார். சமைத்த கையை மறவாத அந்தச் செயல் நமக்கு நல்ல பாடம்.

ஆகவே, மாணவர்களே, ஆணாயினும் பெண்ணாயினும் சமையலறைக்குள் செல்லுங்கள். அங்கே உணவோடு மொழியும் இருக்கிறது. வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல் ஆகியவை நான்கு வெவ்வேறு செயல்கள். நாமோ பேச்சில் அவற்றை ‘ஃபிரை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அடுப்பருகே நின்றவருக்கு இந்நான்கின் வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடுகு வெடிக்கும் ஓசையே அவருக்குத் தாளிப்பைக் கற்பித்துவிடும்.

உங்கள் வீட்டுச் செய்முறை எந்த வர்த்தக சபையிலும் பதிவாகவில்லை. ‘ஒரு கை’, ‘ஒரு சிட்டிகை’, ‘கண்ணளவு’ என்னும் அளவுகளில் அது ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அர்த்தூசிக்குக் கடிதம் எழுதிய வாசகர்களைப் போல, அதை அளந்து, கேட்டு, தமிழில் எழுதிவையுங்கள். நகரத்தின் சிறந்த உணவு எதுவென்று நாளை ஒருவர் கேட்டால், முகவரி கொடுக்க உங்களிடம் ஒரு தாளாவது இருக்கட்டும்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பொலோனியா நகரத்துக்கு வழங்கும் மூன்று பட்டப்பெயர்கள் யாவை?
2. பச்சை லசானியாவுக்கு அந்நிறம் எதனால் வருகிறது?
3. அர்த்தூசியின் நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தது எவ்வாறு?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ‘நகரத்தின் சிறந்தது’ என்னும் பட்டத்தில் கட்டுரை காணும் குறை யாது?
2. அமெரிக்காவுக்குச் சென்ற இத்தாலியரின் லசானியா ஏன் மாறியது?
3. ‘வழக்கு முன்னது, விதி பின்னது’ – விளக்குக.

இ. வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், அவித்தல் – இச்சொற்களின் பொருள் வேறுபாடு விளங்குமாறு தனித்தனித் தொடர் அமைக்க.

ஈ. வீட்டில் சமைப்பவர் ஒருவருடன் இருந்து, ஓர் உணவின் செய்முறையை அளவுகளுடன் கேட்டு எழுதுக. அவர் அதனை யாரிடமிருந்து கற்றார் என்பதையும், இந்த ஊருக்கு வந்தபின் அதில் எதை மாற்றினார் என்பதையும் சேர்த்து எழுதுக.

உ. ‘சிறந்த உணவு உணவகத்திலேயே கிடைக்கும்’ என்னும் தலைப்பில், இக்கட்டுரையை மறுத்து ஒரு பக்க அளவில் எழுதுக.